தாலேலோவும் தாசெலோவும்

சென்ற மார்கழியில் ஒருநாள் இரவு ஒன்பது மணியிருக்கும். சாப்பாடு முடிந்து நாம் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த வேளை, வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவன் எமது கல்லூரியின் பழைய மாணவன். ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மட்ரிட்டில் ஓர் உணவுச்சாலையின் குசினியிலே உதவியாளனாகச் சேர்ந்து அவனுக்கு இரண்டு கிழமைகள் ஆகியிருந்தன. அங்கே அப்பொழுது பிற்பகல் நாலரை மணி. மத்தியானச் சாப்பாட்டு ஆரவாரம் ஓய்ந்த நேரம். சுகம் விசாரித்து முடியுமுன்னரே அவன் கேட்டான்:

"சேர், 'தாசெலோ' என்றால் என்ன? அகராதி முழுவதும் தேடிவிட்டேன். அப்படி ஒரு சொல் இல்லை."

நடந்தது இதுதான். சனம் நிறைந்த வேளையில், தலைமைச் சமையற்கார அம்மையார் சூப்புக் கோப்பை ஒன்றை அவன் கையில் வைத்துப் பரிமாறுபவரை நோக்கித் தலையசைத்து, "தாசெலோ" என்றாராம். இவன் மரம்போல் நின்றான். மீண்டும் சொன்னார், குரல் உயர்ந்தது. இவன் நின்றான். மூன்றாம் முறை அவரே கோப்பையைப் பறித்துப் பரிமாறுபவரிடம் கொடுத்துவிட்டார். அன்று மாலை முதலாளி இவனை அழைத்து, மாத முடிவுக்குள் சொல்வது விளங்காவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி கூறியிருக்கிறார். அந்த வேலைக்காக அவன் வீட்டார் பட்ட கடன் எவ்வளவென்பது எமக்குத் தெரியும்.

இவ்விடத்தில் வாசகர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, இவனுடைய ஆங்கிலக் கொப்பியை வகுப்புக் காணத் தூக்கிப் பிடித்து, "தம்பி, உனக்கு மொழி ஏறாது; வேறு வழியைப் பார்" என்று நாம் சொன்னதுண்டு. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றும் எம் காதில் இருக்கிறது. அப்படிச் சொன்னவரிடமே அவன் மொழி கேட்டு வந்தான். வேறு யாரிடம் போவான்? ஊரிலே ஸ்பானிய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்திருப்பவர் நாம் ஒருவரே. பல்கலைக்கழக நாட்களில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கில வழி நூல் அது. அதை வைத்து நாமாகக் கற்ற மொழியாதலால் எமக்கு வாசிப்பு வரும், பேச்சு வராது.

'தாசெலோ' அகராதியில் இல்லாமற் போனதற்குக் காரணம், அது ஒரு சொல்லன்று என்பதே. தா, சே, லோ என மூன்று சொற்கள் அதிலே ஒட்டிக்கிடக்கின்றன. 'தா' என்பது கொடு. 'சே' என்பது அவருக்கு. 'லோ' என்பது அதை. அதை அவருக்குக் கொடு என்பது பொருள். (ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறோம். இந்தத் 'தா'வின் தகரத்தைப் 'பந்து' என்னும் சொல்லில் வருவது போல் மென்மையாக ஒலித்துக்கொள்க.) ஸ்பானியத் 'தா'வும் நம் 'தா'வும் ஒரே பொருளில் வருவது தற்செயல். அது லத்தீன் வேரிலிருந்து வந்தது. உறவு கொண்டாட இடமில்லை.

ஏறத்தாழ 50 கோடி மக்கள் தாய்மொழியாகப் பேசுவதும், இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக இருப்பதுமான இம்மொழியைக் கற்க வருவோர் பலரும் இடறி விழும் படி இதுவே. பெயருக்குப் பதிலாக நிற்கும் இச்சிறு பிரதிப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓரெழுத்து ஈரெழுத்து அளவினவே; ஆயினும் யார், யாருக்கு, எதை என்னும் செய்தி முழுவதையும் இவையே சுமக்கின்றன. காதுக்கு இவை தட்டுப்படாவிட்டால் வாக்கியமே தட்டுப்படாது.

அன்று தொடங்கி இரவுதோறும் அரை மணி நேரம் பாடம் நடந்தது. முதல் இரண்டு நாளும் எமது பழைய ஆங்கில நூலின் வழியே போனோம். நேர்ச் செயப்படுபொருள், நேரில் செயப்படுபொருள் என்று அந்நூல் வரையறுத்திருந்ததை வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் ஒன்பதாம் வகுப்பின் மௌனம். மூன்றாம் நாள்தான் எமக்குப் புத்தி வந்தது. ஆங்கிலத்தில் 'அவனை' என்றாலும் 'அவனுக்கு' என்றாலும் பிரதிப்பெயர் ஒன்றே. இரண்டுக்கும் வேறுபாடு காட்டாத மொழியின் வழியே, வேறுபாடு காட்டும் மொழியைத் தமிழ்ப் பிள்ளைக்குக் கற்பிப்பானேன்? ஐ, கு என்னும் இரண்டு உருபுகளும் அவன் தொட்டிலிலேயே கற்றவையல்லவா?

லத்தீன் மொழியில் நம் மொழியைப் போலவே பெயர்கள் வேற்றுமை ஏற்று உருத் திரிந்தன. நான்காம் வேற்றுமைக்கு நம் இலக்கணகாரர் முதற்பொருளாகக் கூறுவது கொடை. லத்தீன் இலக்கணிகள் அதே வேற்றுமைக்கு இட்ட பெயரும் கொடுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. லத்தீனின் வழிவந்த ஸ்பானியத்திலோ பெயர்கள் காலப்போக்கில் உருபுகளை இழந்துவிட்டன. பிரதிப்பெயரில் மாத்திரம் அவ்வேறுபாடு பிழைத்திருக்கிறது. 'அதை, அவனை' என்பதற்கு லோ, பெண்பாலுக்கு லா, பன்மையில் லோஸ், லாஸ். 'அவனுக்கு, அவளுக்கு' என்பதற்கு லே, பன்மையில் லெஸ். என்னை, எனக்கு இரண்டுக்கும் மே. உன்னை, உனக்கு இரண்டுக்கும் தே. எம்மை, எமக்கு இரண்டுக்கும் நோஸ். ஸ்பெயினில் மாத்திரம் வழங்கும் ஓஸ் என்பது நெருங்கிய பலரைக் குறிக்கும் 'உங்களை, உங்களுக்கு'. ஆகவே தன்மையிலும் முன்னிலையிலும் கவலை இல்லை. சிக்கல் முழுவதும் படர்க்கையிலேயே.

உதாரணத்திற்கு வீட்டுப் பொருள்களையே எடுத்தோம். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற பாண், மேசை, சப்பாத்து முதலிய சொற்களுக்கு ஸ்பானியத்திலே உடன்பிறப்புகள் உண்டு. பான், மேசா, சபாத்தோ என்பன அவை. 'கொம்ப்ரோ எல் பான்' என்றால் பாணை வாங்குகிறேன். பாண் ஆண்பாலாதலால், 'லோ கொம்ப்ரோ', அதை வாங்குகிறேன். 'லிம்பியோ லா மேசா', மேசையைத் துடைக்கிறேன். மேசை பெண்பாலாதலால், 'லா லிம்பியோ'. சப்பாத்துகளைக் கழற்றும்போது 'மே லோஸ் கீத்தோ', அவற்றை என்னிடமிருந்து கழற்றுகிறேன். "கதிரைக்கும் அப்படி உண்டா, சேர்?" என்று அவன் ஆவலோடு கேட்டான். உண்டு, ஆனால் ஸ்பானியத்தில் 'கதேரா' என்றால் இடுப்பு. இரண்டுக்கும் மூலம் இருக்கையைக் குறித்த ஒரே பழஞ்சொல். குசினியிலே கதிரை கேட்கும்போது அவதானம் வேண்டுமென்று எச்சரித்தோம்.

ஆட்களைக் குறித்துப் பேசும்போதுதான் இடர் பெரிது. பொருளானால் 'வேயோ லா காசா', வீட்டைப் பார்க்கிறேன். ஆளானால் நடுவில் 'ஆ' என்றொரு சொல் வந்து புகும். 'வேயோ ஆ லா நீஞா', பிள்ளையைப் பார்க்கிறேன். பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்றாலும் அதே 'ஆ லா நீஞா'தான். இரண்டும் ஒரே தோற்றம். ஆனால் பிரதிப்பெயர் வேறு. முன்னதற்கு லா, பின்னதற்கு லே. ஆங்கிலம் வழியே வருபவன் இங்கே திகைத்து நிற்பான். தமிழன் மனத்துள்ளே ஒருமுறை தமிழிற் சொல்லிப் பார்த்தாற் போதும். ஐ வந்தால் லோ, லா. கு வந்தால் லே. இதை அவனிடம் சொன்னபோது, "இவ்வளவுதானா, சேர்?" என்றான். பத்துக்கு எட்டிடத்தில் இவ்வளவுதான். 'அவரிடம் கேட்டேன்' என்று நாம் இடம் சேர்க்கும் வினைக்கும் அங்கே லே வரும். 'அவருக்கு உதவினேன்' என்று நாம் கு சேர்க்க, அவர்களுள் மிகப் பலர் லோ போடுவர். விதிவிலக்கில்லாத மொழி எங்கும் இல்லை.

அந்த 'ஆ'வைப் பற்றி இன்னொன்று. தமிழிலும் அஃறிணைப் பெயரோடு ஐ உருபு தொக்கு நிற்கலாம்; 'வீடு கட்டினான்' என்கிறோம். உயர்திணையில் அவ்வாறு எளிதில் விடமாட்டோம். 'தங்கச்சி பார்த்தேன்' என்பார் உண்டா? ஆனால் 'பெண் பார்க்கப் போனார்கள்' என்பது பிழையன்று. அங்கே பெண் இன்னாள் என்று இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானபின் 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்' என்கிறோம். ஸ்பானியரும் இப்படியே. 'பூஸ்கோ உன் மேதிகோ' என்றால் யாராவது ஒரு வைத்தியரைத் தேடுகிறேன். குறித்த ஒருவரைத் தேடினால் 'பூஸ்கோ ஆ உன் மேதிகோ'. கலியாணத் தரகர் அறிந்த இலக்கணம் கடல் கடந்தும் செல்லுபடியாவது எமக்கு வியப்பாகவே இருந்தது.

இனி, ஐயும் குவும் ஒருங்கே வரும் இடத்துக்கு வருவோம். முறை எளிது. கொள்வோன் முன்னே, கொடுக்கப்படுவது பின்னே. 'தாமெலோ' என்றால் 'அதை எனக்குத் தா'. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "அப்படியானால் 'அதை அவருக்குக் கொடு' என்பது எப்படி வரும்? விதிப்படி நீயே கட்டிப் பார்" என்றோம். அவன் சிறிது யோசித்து, அவருக்கு லே, அதை லோ என்று கணக்குப் போட்டு, "தாலேலோ!" என்றான்.

நாம் சிரித்துவிட்டோம், உள்ளேயிருந்து எம் துணைவியாரும் சிரித்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலப் பருவத்தில் குழந்தையைத் தாலாட்டி அழைக்கும் சொல்லல்லவா அது! ஆயினும் இம்முறை சிரித்தது அவனைப் பார்த்தன்று. அவன் கணக்கு முற்றிலும் சரி. விதி அவ்வாறே தர வேண்டும். ஸ்பானிய மொழிதான் விதியை விட்டு விலகி, லே பக்கத்தில் லோ வந்தால் லேயைச் சே ஆக்கிக்கொள்கிறது.

ஏன் அப்படி? லே லோ என்று லகரம் அடுத்தடுத்து வருவது காதுக்கு இனிமையில்லை என்று பல பாடநூல்கள் காரணம் சொல்லும். தாலேலோ கேட்டு உறங்கிய நாம் அதை எப்படி ஏற்போம்? உண்மைக் காரணம் வேறு. அது வரலாற்றிலே இருக்கிறது. லத்தீனில் 'அவனுக்கு அதை' என்பதற்கு 'இல்லீ இல்லும்' என்றார்கள். அது பேச்சிலே தேய்ந்து, நடுக்காலக் காஸ்தீலிய மொழியில் 'ஜெலோ' ஆயிற்று. வீரன் சிட்டைப் பற்றிய பழங்காப்பியத்தில் இவ்வடிவத்தைக் காணலாம். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஸ்பானியத்தின் சகர, ஜகர வகை ஒலிகள் பெரிதும் மாறி ஒன்றோடொன்று மயங்கின. அம்மயக்கத்தில், முன்னரே மொழியில் வழங்கிய 'சே' என்னும் வேறொரு சொல்லோடு இந்த 'ஜெ' கலந்துவிட்டது. அந்த வேறு சொல்லுக்குப் 'தன்னை, தமக்கு' என்பது பொருள்; இரண்டும் பிறப்பால் உறவில்லாதவை. தங்கை மொழியாகிய இத்தாலியத்தில் இம்மயக்கம் நேரவில்லை. அவர்கள் இன்றும் லகரத்தோடேயே சொல்லுகிறார்கள். ஆக, எம் மாணவன் செய்தது மடமையன்று. ஐந்நூறு ஆண்டுக்கு முன் நடந்த ஒலிமாற்றம் அவனுக்குத் தெரியாமற் போனது, அவ்வளவே.

இம்மாற்றத்தால் ஒரு நட்டமும் உண்டு. லே, லெஸ் இரண்டும் சே ஆகிவிடுவதால், 'சே லோ தோய்', அதைக் கொடுக்கிறேன் என்கையில், கொடுப்பது அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா, உங்களுக்கா என்பது மறைந்துபோகிறது. ஐயம் வரும் இடத்தில் 'ஆ எல்', 'ஆ எல்யா' என்று பின்னால் விளக்கம் சேர்ப்பார்கள். மெக்சிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளிலே மக்கள் வேறு உபாயம் செய்தார்கள். சேயில் ஏற முடியாத பன்மையை லோவின்மேல் ஏற்றிச் 'சே லோஸ் தீஹே', அதை அவர்களுக்குச் சொன்னேன் என்பார்கள். சொன்னது ஒரு செய்திதான். லோஸ் என்னும் பன்மை கேட்டவர்களுடையது. இடமில்லாத பஸ்ஸிலே பக்கத்து ஆளின் மடியில் மூட்டையை வைப்பதுபோல.

தமிழ் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியன. கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியன என்பது தொல்காப்பியம். ஆகவே செம்மையாகப் பேசுமிடத்து 'தா' என்றாலே எனக்கு என்பது அடங்கிவிட்டது. 'கொடு' என்றாலே வேறொருவர்க்கு என்பது அடங்கிவிட்டது. ஸ்பானியர் மேயையும் சேயையும் சேர்த்துச் சொல்வதை நாம் வினையைத் தெரிந்தெடுப்பதாற் சொன்னோம்.

இதனாலேதான் நம்மவர்க்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டாயிற்று. "பாணைக் கொண்டுவந்தாயா?" என்று கேட்டால், "கொண்டுவந்தேன்" என்போம். எதை என்று சொல்லுவதில்லை, கேட்டவருக்குத் தெரியும். ஸ்பானியத்தில் அது செல்லாது. 'லோ த்ராஹே', அதைக் கொண்டுவந்தேன் என்றே சொல்ல வேண்டும். எம் மாணவன் ஒருநாள் வெறுமனே "த்ராஹே" என்று சொல்ல, அம்மையார் அவனை மேலும் கீழும் பார்த்தாராம். த்ராஹே என்பது அங்கே கோட்டுச் சூட்டுக்கும் பெயர்! தமிழ் கைகொடாத இடம் இது. இதற்குப் பழக்கம் ஒன்றே மருந்து. "பத்து நாளைக்கு லோ இல்லாமல் வாய் திறவாதே" என்று கட்டளையிட்டோம்.

தமிழ் மிகத் தாராளமாகக் கைகொடுத்த இடம் அடுத்து வந்தது. 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்று மாற்றியே சொல்ல வேண்டும். அவ்வழியே வந்தமையால், ஸ்பானியத்தில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பது எமக்குப் பல ஆண்டுகள் தலைகீழாகவே தோன்றியது. அவனுக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. மே என்பது எனக்கு, குஸ்தா என்பது பிடிக்கிறது. எனக்குக் கோப்பி பிடிக்கிறது; அதில் விளக்க என்ன இருக்கிறது? மாம்பழமானால், தமிழ் மலையாளக் கரைகளிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுபோன சொல்லாலேயே, 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. பழங்கள் பலவாதலால் வினையும் பன்மையாயிற்று. 'எனக்குத் தலை இடிக்கிறது' என்பதும் அப்படியே 'மே துவேலே லா கபேசா'. ஆங்கிலேயருக்கு 'என் தலை' என்று உடைமை சொல்லாமல் தீராது. நமக்கும் ஸ்பானியருக்கும் தலை யாருடையது என்பதிலே ஐயம் இல்லை. வலி யாருக்கு என்பதே செய்தி.

இவ்வரிசையில், கை தவறித் தட்டு விழுந்துவிட்டால் சொல்லும் 'சே மே காயோ எல் பிளாத்தோ' என்பதையும், 'சே மே ஒல்விதோ' என்பதையும் சொல்லிக் கொடுத்தோம். பின்னது 'எனக்கு மறந்துவிட்டது'. நான் மறந்தேன் என்றால் நான் செய்த செயல்; எனக்கு மறந்துவிட்டது என்றால் எனக்கு நேர்ந்த நிகழ்ச்சி. இரு மொழிகளிலும் இரண்டு வாய்பாடுகளும் உண்டு. பழியைச் சற்றே இறக்கி வைக்கும்போது நான்காம் வேற்றுமை வரும். இதை விளக்கிக்கொண்டிருக்கையில், நெடுநாளாக நெஞ்சில் உறுத்தியதைக் கேட்டுவிட்டோம்.

"தம்பி, ஒன்பதாம் வகுப்பிலே உன் கொப்பியைத் தூக்கிப் பிடித்து நாம் ஒரு வார்த்தை சொன்னோம். நினைவிருக்கிறதா?"

சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "சே மே ஒல்விதோ, சேர்" என்றான்.

மெய்யாகவே மறந்தானா, மரியாதைக்குச் சொன்னானா என்று நாம் கேட்கவில்லை. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

சொற்களின் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இவை தமிழின் உம், ஏ, ஓ போன்ற இடைச்சொற்களின் தன்மை உடையவை. வினையைச் சார்ந்தே வாழும். "யாருக்கு?" என்ற கேள்விக்கு "லே" என்று தனியே விடை சொல்ல முடியாது. முற்றுவினைக்கு முன்னே தனித்து நிற்கும். ஏவலிலும் வினையெச்சத்திலும் பின்னே ஒட்டும். 'தாசெலோ' ஒட்டி வந்தது ஏவலாகையாலே. கொடாதே என்று மறுத்தால் மறுபடி முன்னே போய்விடும். 'நோ சே லோ தேஸ்'. முற்காலத்திலே முற்றுவினைக்குப் பின்னும் ஒட்டியதுண்டு. 'முன்னொரு காலத்திலே' என்று கதை தொடங்கும் 'ஏராசே ஊனா வேஸ்' என்னும் தொடரில், அப்பழைய வழக்கம் பாட்டி சொல்லும் கதையில் மாத்திரம் தங்கியிருக்கிறது.

மரியாதையும் இச்சொற்களில் உண்டு. ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்தவுடன் 'தீகமே' என்பார்கள். 'சொல்லுங்கள் எனக்கு' என்பது அது. 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் வழங்கும் 'உஸ்தேத்', 'தங்கள் அருள்' என்று பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்னும் நீண்ட தொடரின் தேய்வு. ஆகையால் முன்னிலையில் நிற்பவரைப் படர்க்கைச் சொல்லாலேயே சுட்டுவார்கள். லே என்பது அவருக்கு மட்டுமன்றித் தங்களுக்கு என்றுமாகும். நம் 'தாங்கள்' என்பதும் பிறப்பிலே படர்க்கைச் சொல்லே. பெரியவரை நேரே சுட்டக் கூசுவது இரு மொழிக்கும் பொது.

தையிலே அவன் இன்னொரு கேள்வியோடு வந்தான். வேலை நிலைத்துவிட்டது என்பதை இடையிலே சொல்லியும் சொல்லாமலும் கடந்துபோனான். கேள்வி இதுதான்: "சேர், 'அவளுக்குச் சொன்னேன்' என்பதற்கு நீங்கள் 'லே தீஹே' என்றீர்கள். அம்மையார் எப்பொழுதும் 'லா தீஹே' என்கிறார். ஐயும் குவும் அவருக்கே தெரியாதா?"

தெரியாமலன்று. மட்ரிட்டிலும் அதைச் சூழ்ந்த காஸ்தீலியப் பகுதிகளிலும் பலர் வேற்றுமை பாராமல் பால் பார்த்துச் சொல்லும் வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. பெண்ணானால் எங்கும் லா. ஆணானால் எங்கும் லே. 1713 இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கல்விக் கழகமே இதிலே பலகாலம் தடுமாறியிருக்கிறது. 1796 ஆம் ஆண்டுப் பதிப்பான தன் இலக்கணத்தில், அவளுக்கு என்னுமிடத்தில் லா வருவதைக் கண்டித்தது. ஆனால் அதே நூலில், அவனை என்னுமிடத்தில் லேயே சரியென்றும் விதித்தது! 1854 இற்குள் படிப்படியாக இறங்கிவந்து லோவுக்கு முதலிடம் தந்தது. இன்றும் ஆண் ஒருவரைக் குறிக்கும் லேயை மாத்திரம் பிழையென்று ஒதுக்குவதில்லை. சிலி நாட்டிலிருந்து அந்திரேஸ் பேல்யோ என்னும் பேரறிஞர் 1847 இல் அமெரிக்கர்க்கென்றே ஸ்பானிய இலக்கணம் எழுதினார். அமெரிக்க நாடுகளிற் பெரும்பாலானவற்றில் ஐ, கு வேறுபாடு இன்றும் பெரிதும் பழுதின்றி வழங்குகிறது. மூலத்தாயகத்தின் தலைநகரில் குலைந்தது, கடல் கடந்து போனவர்களிடம் நின்றது.

"அப்படியானால் நான் யார் பக்கம், சேர்?"

"எழுதும்போது லே எழுது. அம்மையார் லா என்றால், அவர் சொல்வதை விளங்கிக்கொள், திருத்தப் போகாதே."

"திருத்துவதா? குசினியில் அவர் சொல்வதுதான் இலக்கணம்" என்று சிரித்தான். அப்பொழுது அவனுக்குப் பின்னால், பாத்திரங்களின் ஓசையையும் மீறி ஒரு பெண்குரல் எழுந்தது. "தாமெலோ!" எமக்கும் தெளிவாகக் கேட்டது. "வோய், வோய்! இதோ வந்துவிட்டேன், சேர்" என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் சொல்லி ஓடினான். தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டான். அம்மையார் கேட்டது எதை என்று எமக்குத் தெரியவில்லை. மறுகணம் ஏதோ ஒன்று கைமாறியது. தட்டு மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.